அச்சம் தரும் சொற்களை எங்கே தேடுவது?

நாடாக்காரன் (ஈரோடு) கேட்டது:

எழுதுகிறவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொல் சேர்க்கும் பழக்கம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். பேய் என்று பொருள் வருகிற சொற்களை மட்டும் ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அலகை, கூளி, கழுது, குணங்கு, மண்ணை, சோகு. இடத்துக்கு, அதாவது சுடுகாட்டுக்கு, முதுகாடு, புறங்காடு, ஈமம், பறந்தலை. நேரத்துக்குப் பானாள், அதாவது நடுராத்திரி. இதில் சோகு என்ற சொல்லை முதலில் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சோகம் என்று சொல்ல ஆரம்பித்தவன் வாயை யாரோ நடுவில் பொத்தியது போல இருந்தது.

இப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் பள்ளிபாளையம், காவிரிக்கு அந்தக் கரை. ஒரு விசைத்தறிப் பட்டறை. ராத்திரி ஷிப்டில் கரண்ட் போய்விடுகிறது. தறிகள் எல்லாம் நின்றுவிடுகின்றன. கடைசி வரிசையில் ஒரு தறியில் மட்டும் நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் "கூளிகள் குணங்கிய பானாள்" என்று ஒரு வரி எழுதினேன். எழுதும்போது எனக்கே முடி சிலிர்த்தது. எங்கள் வாசகர் வட்டத்தில் படித்துக் காட்டினால் ஒருவர், "கூழா?" என்று கேட்டார். இன்னொருவர், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயப்பட முடியாது என்றார்.

அவர்கள் சொல்வதற்காக இந்தச் சொற்களை விட்டுவிட எனக்கு மனசில்லை. இரண்டாயிரம் வருடமாகச் சேர்த்து வைத்த சரக்கு. ஆனால் எந்தச் சொல் படிக்கிறவனை உண்மையிலேயே அசைக்கிறது, அது எங்கே கிடைக்கும்? உங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லுங்கள்.


வெட்டிப்பேச்சு எழுதியது:

கொள்ளிவாய்ப் பிசாசை விட்டுவிட்டீர்களே, பாவம். சின்ன வயதில் எனக்கு அதுதான் ராஜா. சதுப்பு நிலத்தில் வாயு தீப்பிடித்து எரிவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அறிவியல் வாத்தியார் விளக்கினார். அன்றைக்குச் செத்தது அது.


பிழைதிருத்தி எழுதியது:

தம்பி, எனக்குத் தொழிலே மெய்ப்புத் திருத்துவதுதான். பேய்க்கதைத் தொகுப்புகள் நிறைய என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. எதை எடுத்தாலும் 'அமானுஷ்யம்', 'மயான அமைதி', 'ரத்தம் உறைந்தது' இருக்கும். எழுத்துப்பிழை இல்லாததால் நான் கை வைக்க முடியாது. 'மயான அமைதி' என்று எழுதியவர்களில் பாதிப் பேர் மயானத்துக்குப் போனதே இல்லை என்று நினைக்கிறேன். அங்கே எங்கே அமைதி? சங்கு ஊதுகிறான், பறை அடிக்கிறான், விறகுக் காசுக்கு இரண்டு பங்காளிகள் சண்டை போடுகிறார்கள், பேரன் ஒருத்தன் பசிக்குது என்று அழுகிறான்.

உங்கள் நோட்டில் இருப்பது எல்லாம் பேயின் பெயர்கள். நிகண்டு எழுதியவர்களுக்குப் பெயர் வேண்டும், எழுதினார்கள். பயந்தவன் பெயர் சொல்லமாட்டான். நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். எங்கள் ஆச்சி ராத்திரியில் 'பாம்பு' என்று சொல்லவிட மாட்டாள். 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை 'அணை' என்று சொன்னால் தலையில் குட்டு விழும், 'குளிர வை' என்று சொல்ல வேண்டும். அம்மை போட்டிருந்தால் அது நோய் இல்லை, 'முத்து', 'ஆத்தா வந்திருக்கா'. உச்சி வெயிலுக்கு எங்கள் ஊரில் உருமம் என்று பேர். உருமத்தில் கிணற்றடிக்குப் போகாதே என்பாள், ஏன் என்று கேட்டால் பதில் வராது. ராத்திரி வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது, மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான். அந்த முதல் இரண்டு கூப்பாட்டையும் கூப்பிடுவது யார் என்று ஆச்சி ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் நோட்டில் எழுதி வைத்த ஆறு பெயர்களும் சேர்ந்தாலும் அந்தச் சொல்லாமல் விட்டதற்கு ஈடாகாது.

இலக்கணக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நன்னூலில் பவணந்தியார் தகுதி வழக்கு என்று மூன்று சொல்கிறார், அதில் ஒன்று மங்கலம். கெட்டதை நல்ல சொல்லால் சொல்வது. உரைகாரர்கள் கொடுக்கும் உதாரணம்: செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. நன்காடு! முதுகாட்டையும் புறங்காட்டையும் விட்டுவிட்டு இதை ஒரு முறை சொல்லிப் பாருங்கள். 'சாயங்காலம் மாமாவை நன்காட்டுக்குக் கொண்டு போனார்கள்.' எனக்கு இதைத் தட்டும்போதே ஒரு மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்து இவ்வளவு மரியாதை என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா, அங்கேதான் கதை இருக்கிறது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். அந்தப் பட்டறையில் தறி ஓட்டுகிறவர் கூளி என்று சொல்லவே மாட்டார். பேய் என்றும் சொல்ல மாட்டார். 'காத்து கருப்பு' என்பார். அதையும் சொல்லத் தயங்கினால் 'அது' என்பார். 'அது ஓடுதுங்க.' போதும்.

இன்னொன்று. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் இருக்கிறது, அச்சம் எதிலிருந்தெல்லாம் வரும் என்று ஒரு நூற்பா:

"அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே."

தெய்வம், மிருகம், திருடன் மூன்றும் சரி. நாலாவதைப் பாருங்கள். தம் இறை, அதாவது தன்னுடைய அரசன், தன் எஜமான். பேயையும் புலியையும் உட்காரவைத்த திண்ணையிலேயே முதலாளியையும் உட்காரவைத்துவிட்டார். பள்ளிபாளையம் பக்கம் தறிக்காரர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அதை அடைக்க முடியாமல் அதே பட்டறையில் வருடக்கணக்கில் கிடப்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கதையில் அந்த ஆள் கரண்ட் இல்லாமல் ஓடும் தறியைப் பார்த்துவிட்டு ஏன் ஓடிப்போகவில்லை? வாசகன் இதைக் கேட்பான். 'பாக்கி இருக்குதுங்களே' என்று ஒரு வரி அவர் வாயிலிருந்து வந்தால், அந்த 'பாக்கி'க்கு முன்னால் குணங்கு என்ன செய்யும்?


ஆலங்காடு எழுதியது:

அக்கா சொல்வதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். பழைய சொல்லே வேண்டாம் என்றால் நான் வகுப்பில் என்ன செய்ய? (திருத்தணிப் பக்கம் தமிழாசிரியர்.)

பெயர்ச்சொல் பயமுறுத்தாது என்பது சரி. வினைச்சொல்லைப் பாருங்கள். எங்கள் பக்கத்துத் திருவாலங்காட்டைக் காரைக்கால் அம்மையார் பாடினார். அதில் ஒரு பெண்பேய் வருகிறது. அது என்ன செய்கிறது தெரியுமா? கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டிக்கொள்கிறது. சிதையிலிருந்து ஒரு கொள்ளியை இழுக்கிறது. அதை மசித்து மை ஆக்கி, கண்ணுக்கு எழுதிக்கொள்கிறது. "வெடுவெடென்ன நக்கு", சிரிக்கிறது. சிரித்த பிறகு அதுவே வெருண்டு சுற்றிலும் பார்க்கிறது. துள்ளுகிறது. பிணம் சுடும் தீ அதைச் சுட்டுவிடுகிறது. கோபித்துக்கொண்டு புழுதியை அள்ளிப் போட்டுத் தீயை அணைக்கிறது. ஒரே பாட்டுக்குள் இவ்வளவும்.

மை இட்டுக்கொள்கிற பேய்! கண்ணாடி முன்னால் நம் வீட்டுப் பெண்கள் செய்கிற காரியம். அதுதான் வயிற்றைப் பிசைகிறது. 'வெடுவெடு' என்று நாம் இப்போது சிரிப்புக்குச் சொல்வதில்லை. அம்மையார் அதைச் சிரிப்புக்கு வைத்திருக்கிறார். அப்படி ஒரு சிரிப்பை நான் இதுவரை கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம்.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பிணத்தை என்ன செய்வார்கள் என்று வரும். "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்." எரிக்கிறவர்கள், வெளியே போட்டுவிடுகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், பள்ளத்தில் அடைக்கிறவர்கள், தாழியில் கவிக்கிறவர்கள். ஒரு பேய்ப் பெயர் கிடையாது, ஐந்து வினை. 'இடுவோர்' என்பதில் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் நின்றுவிடுவார்கள். சும்மா போட்டுவிட்டு வந்துவிடுவார்களா சார் என்பார்கள். ஆமாம் என்பேன். அப்புறம் வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் போகும்.

தெரிந்த சொல்லுக்குள்ளேயும் பேய் உட்கார்ந்திருக்கும். 'நீலிக் கண்ணீர்' என்று தினமும் சொல்கிறோம். அந்த நீலி ஆலங்காட்டை ஒட்டிய பழையனூர்க்காரி. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனை இவர்தான் என் புருஷன் என்று ஊர்ச் சபையில் அழுது சாதித்தவள். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர், அவன் செத்ததும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. ஞானசம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே "வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும் வகை கேட்டு அஞ்சும் பழையனூர்" என்று வருகிறது. கேட்டு அஞ்சும் ஊர். இத்தனையும் ஒரு பழமொழிக்குள் சுருண்டு கிடக்கிறது, நாம் அதைப் பட்டிமன்றத்தில் மருமகளைத் திட்டப் பயன்படுத்துகிறோம்.


பந்தல்காரர் (திண்டுக்கல் பக்கம்) எழுதியது:

நான் எழுத்தாளன் இல்லை. படிக்கிறதோடு சரி. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எனக்குப் பந்தல், சேர், ஜெனரேட்டர், ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிற தொழில்.

எங்களுக்கு போன் வரும் நேரத்துக்குக் கணக்கு இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கும் வரும். எடுத்தால் அந்தப் பக்கம் யாரும் 'செத்துட்டாரு' என்று சொல்ல மாட்டார்கள். 'அண்ணே, பெட்டி வேணும்.' அவ்வளவுதான். எந்தப் பெட்டி என்று நானும் கேட்க மாட்டேன். நான் கேட்பது: வாசலில் கரண்ட் பாயிண்ட் இருக்கா, வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரணுமா, எப்போ எடுக்கிறீங்க.

இந்த 'எடுக்கிறது' இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். எதை எடுக்கிறார்கள் என்று எவரும் சொல்வதில்லை. 'மூணு மணிக்கு எடுக்கிறாங்க', 'எடுத்தாச்சா?', 'எடுக்கிறதுக்குள்ள வந்துடு'. தமிழ்நாட்டில் எந்த ஊரில் போய், யார் வீட்டு வாசலில் நின்று, 'எப்போ எடுக்கிறாங்க' என்று கேட்டாலும் அர்த்தம் ஒன்றுதான். அதே வீட்டில் போன மாசம் காதுகுத்துக்குப் பந்தல் போட்டபோது 'போட்டோ எப்போ எடுக்கிறாங்க' என்று கேட்டிருப்பார்கள். போட்டோ என்று சேர்த்துச் சொன்னால் ஒன்றும் இல்லை. சேர்க்காமல் சொன்னால் எனக்குத் தொழில்.

அப்புறம் பேர் போகிற விதம். காலையில் போன் பண்ணும்போது 'அப்பா' என்பார்கள். நாங்கள் பெட்டியோடு போய் இறங்கும்போது 'அப்பாவை' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, 'பாடியை உள்ளே வெச்சிடலாம்ணே' என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்த நிமிஷத்தில் அந்த மனுஷன் பாடி ஆனார் என்று நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பிடிபடவில்லை. பொம்பளைகள் மட்டும் கடைசி வரைக்கும் பேரோ முறையோ சொல்லித்தான் அழுவார்கள். போஸ்டரில் வேறு பாஷை: தோற்றம், மறைவு. சூரியனுக்குச் சொல்கிற சொல். வண்டி வந்தால் அதன் பக்கவாட்டில் சொர்க்க ரதம். அரசாங்க வண்டி என்றால் அமரர் ஊர்தி.

சனிக்கிழமை என்றால் இன்னும் ஒன்று உண்டு. சனிப் பிணம் தனியாகப் போகாது, துணை தேடும் என்பார்கள். அதனால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். எல்லா ஊரிலும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், எங்கள் பக்கம் இருக்கிறது. என் கடைக்கு எதிரே கறிக்கடை. சனிக்கிழமை யாராவது வந்து 'ஒரு கோழி, சின்னதாப் போதும், உயிரோட' என்றால், கடைக்காரர் பேரம் பேச மாட்டார், விலை சொல்லிவிட்டுக் காலைக் கட்டிக் கொடுத்துவிடுவார். 'உயிரோட' என்ற சொல்லில் பயப்பட ஏதாவது இருக்கிறதா? சனிக்கிழமை அந்தக் கடை வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பையன்களிடமும் பாஷை உண்டு. கல்யாணத்துக்கும் இதுக்கும் சேர் ஒன்றுதான், பெட்டி மட்டும் தனி இடத்தில் இருக்கும். அதை அவர்கள் 'பின்னாடி' என்பார்கள். 'பின்னாடி ஒண்ணு போயிருக்கு' என்றால் ஒரு பெட்டி வெளியே போயிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு சத்தமாகவே சொல்வார்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது.

வேலை முடிந்து கிளம்பும்போது துக்க வீட்டில் 'வரேன்' சொல்லக் கூடாது. அவர்களும் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். 'நன்றி, மீண்டும் வருக' என்று போர்டு வைக்க முடியாத ஒரே தொழில் எங்களுடையதுதான்.


கல்லெழுத்து எழுதியது:

பிழைதிருத்தி அக்கா 'துஞ்சினார்' என்று சொன்னதால் உள்ளே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

துஞ்சுதல் என்றால் தூங்குதல். சோழக் கல்வெட்டுகளில் இறந்த ராஜாக்களை எங்கே தூங்கினார்களோ அந்த இடத்தை வைத்தே அழைப்பார்கள். சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. அரிஞ்சயர் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. முதலாம் ராஜாதிராஜன் 1054இல் கொப்பத்துப் போரில் யானை மேல் இருந்தபடியே அடிபட்டு இறந்தான். அவன் பெயர் 'ஆனைமேல் துஞ்சின உடையார்'. நான்கு பக்கமும் அம்பு பறக்கிறது, அவன் யானை மேல் தூங்கிவிட்டானாம்.

கண்டராதித்தர் இன்னும் விசேஷம். 'மேற்கெழுந்தருளின தேவர்.' மேற்கே போனார். எங்கே போனார், எதற்குப் போனார், திரும்பினாரா என்பதற்கு அறிஞர்கள் ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு விளக்கம் எதுவும் வேண்டாம், அந்தப் பெயரே போதும்.

அரிஞ்சயருக்காக ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் வேலூர்ப் பக்கம் மேல்பாடியில் இருக்கிறது. பள்ளிப்படை என்பது செத்தவர் நினைவுக்கு எழுப்பும் கோயில். பள்ளி என்றால் படுக்கை என்று தெரிந்த பிறகு உள்ளே லிங்கத்தைப் பார்க்கும்போது தானாகக் குரல் தணிந்துவிடுகிறது. ஆலங்காடு சாருக்கு ஒன்று: கல்வெட்டு வெட்டினவனுக்கு வாசகனைப் பயமுறுத்தும் எண்ணமே கிடையாது. நிலத்துக்கு எல்லை, விளக்குக்கு நெய், இதெல்லாம் கணக்கு எழுதுகிற நடுவில் 'துஞ்சின' என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். பயமுறுத்த நினைத்து எழுதியிருந்தால் இந்த விளைவு வந்திருக்காது.


செக்கல் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பொழுதுபட்டு இருள்கிற நேரத்தை எங்கட அம்மம்மா 'செக்கல்' எண்டுவா, 'மம்மல் பொழுது' எண்டும் சொல்லுவா. என்ர பெயர் அங்கேயிருந்து எடுத்ததுதான். மம்மலுக்கை வளவுக்குள்ள நிக்காதை எண்டு கூப்பிடுவா. பிள்ளை பெத்த வீட்டில கொத்தி எண்ட பேய் வரும் எண்டு மருத்துவிச்சி அதைத் துரத்திவிடுகிற வழக்கம் முந்தி இருந்தது. கொத்தி எண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், நான் பிறந்தது ஆஸ்பத்திரியில்.

எனக்குப் பயம் தந்த சொல்லைக் கேட்டால், வெள்ளை வான். இரண்டும் சாதாரணச் சொல். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்தி இறக்கினதும் வெள்ளை வான்தான், ஆக்களைக் கடத்திக்கொண்டு போனதும் வெள்ளை வான்தான். ஆனால் எங்கட நாட்டில் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் அதற்குப் பிறகு ஒருத்தரும் கதைக்க மாட்டினம். வீதியில ஒண்டு மெதுவாய்ப் போனால் அம்மா எங்களை உள்ளுக்கை வரச் சொல்லுவா. ஏன் எண்டு சொல்லமாட்டா. பிழைதிருத்தி அக்காவின் ஆச்சி மாதிரித்தான், ஆனால் இது பழங்கதை இல்லை.

மற்றது, 'காணாமல் போனோர்' எண்டு முதல் எழுதினார்கள், அலுவலகத்தின் பெயரும் அப்பிடித்தான் வைத்தார்கள். 2017இல இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் படம் வைத்துக்கொண்டு இருக்கிற தாய்மார், பிள்ளை தானாய்ப் போகேல்லை எண்டு சொல்லி 'காணாமல் ஆக்கப்பட்டோர்' எண்டுதான் எழுதுவினம். போனோரை ஆக்கப்பட்டோர் ஆக்கினது ஒரு எழுத்தாளனும் இல்லை. கதைக்கு இதை ஆரும் அள்ளிக்கொண்டு போகாதேங்கோ எண்டு சொல்லத்தான் எழுதினேன். பயம் வேணும் எண்டு எடுக்கிற சொல்லில் சிலது இன்னும் ஆற்றையோ கையில இருக்கு.


பிழைதிருத்தி எழுதியது:

செக்கல், நீங்கள் கடைசியில் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும், எனக்கும். நான் முன்பணத்தைப் பற்றிச் சொன்னதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி அந்தப் பக்கத்து ஆள் என்பதால்தான் சொன்னேன். பேய்க்கு ஒரு காரணம் வேண்டுமே என்று வெளியூர்க்காரர் ஒருவர் கொத்தடிமையைத் தூக்கி வைத்திருந்தால் நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.


நாடாக்காரன் எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. என் அப்பா தறி ஓட்டியவர்தான் அக்கா, அதனால் பாக்கி என்ற சொல்லை நான் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அதைக் கதையில் வைக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் யாரும் அதை அகராதிச் சொல்லாக நினைத்ததில்லை, அதனாலோ என்னவோ.

அந்த இடத்தை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

"கரண்ட் போய்விட்டது. மேஸ்திரி டார்ச் எடுக்கப் போனார். கடைசி வரிசையில் நாடா போய் வரும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. 'யாருங்க அங்க?' என்று கேட்க வாயெடுத்தவர், வேண்டாம் என்று விட்டுவிட்டார். முதல் தடவை கேட்கக் கூடாது. பாவு தீரும் வரைக்கும் அது ஓடட்டும். அதற்கும் ஏதாவது பாக்கி இருக்கும்."

கூளியும் குணங்கும் போய்விட்டன. பானாளையும் எடுத்துவிட்டேன், வலித்தது. சோகுவை மட்டும் எங்கேயாவது ஒளித்து வைக்கலாமா? ஆலங்காடு சார் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.


ஆலங்காடு எழுதியது:

வைக்காதீர்கள். நோட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் அந்த ராத்திரி தூங்காமல் கிடந்ததால்தானே இந்தக் கதை எழுத உட்கார்ந்தீர்கள்? சோகுவின் வேலை முடிந்தது. ஒன்று மட்டும்: 'நாடா போய் வரும் சத்தம்' என்று இருக்கிறதே, அந்தச் சத்தத்துக்கு உங்கள் ஊரில் ஒரு சொல் இருக்கும். அதைப் போடுங்கள். வெடுவெடு மாதிரி ஒன்று. நான் திருத்தணிக்காரன், எனக்குத் தெரியாது, உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.


வெட்டிப்பேச்சு எழுதியது:

கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இதில் ஒரு சின்ன வேடம்கூட இல்லையா?


பந்தல்காரர் எழுதியது:

தம்பி, 'அதற்கும் ஏதாவது பாக்கி இருக்கும்' நல்லா இருக்கு. ஒரு சந்தேகம். உங்க ஊரில் சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் உண்டா, இல்லை வாரம் முடிஞ்சு தறி நின்னுடுமா?


நாடாக்காரன் எழுதியது:

உண்டு அண்ணே. ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் நிற்கும். ஏன்?


பந்தல்காரர் எழுதியது:

அப்போ கதையைச் சனிக்கிழமை ராத்திரிக்கு மாத்திடுங்க. கிழமையை மட்டும் போட்டாப் போதும், வேற எதுவும் சொல்ல வேண்டாம். கோழியைக் கொண்டு வந்துடாதீங்க, அது என்னோட சரக்கு.